பதினேழாம் நாள் எந்தப் படகு: பழவேற்காட்டில் ஒரு ஞாயிறு

பழவேற்காட்டுக்குப் போய்வந்தேன் என்றதும் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "பூநாரை பார்த்தியா?" பார்த்தேன். ஏரியின் அந்தக் கோடியில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது, அதுதான் என்றார்கள், நம்பினேன். டச்சுக்காரர் கல்லறை, கலங்கரை விளக்கம் பற்றியெல்லாம் எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் போனது ஒரு கணக்குக்கு விடை தெரிந்துகொள்ள. பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிகாலையில் கிளம்பி இரவுச் சாப்பாட்டுக்குள் வீடு திரும்பிய ஒரு நாள் பயணம்.

முதலில் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை விளங்காது. நம் நாட்டுப் பள்ளிகளில் கணக்கும் அறிவியலும் பிள்ளைகளுக்கு எப்படிப் போய்ச் சேர்கின்றன என்று இதுவரை நடந்த ஆய்வுகளைத் தேடிப் படித்து, எது தெரிந்திருக்கிறது, எது தெரியவில்லை என்று தொகுப்பதுதான் எங்கள் குழுவின் வேலை. சென்னையில் ஒரு மாடியறை ஆபீஸ், என்னைச் சேர்த்து ஏழு பேர். மூன்று வருடமாகப் படித்ததில் எனக்கு வந்திருப்பது அறிவா எரிச்சலா என்று சந்தேகம். நான் படித்தவற்றில் பெரும்பாலான ஆய்வுகள் ஆய்வாளர் சாயங்காலம் வீடு திரும்பிவிடக்கூடிய தூரத்துப் பள்ளிகளில் நடந்தவை. கேள்விகள் வேறெங்கோ வேறு பிள்ளைகளுக்காக எழுதப்பட்டு மொழிபெயர்க்கப்பட்டவை. பிள்ளை தப்பாக எழுதினால் தப்பு என்று எண்ணிக்கையில் சேர்ப்பார்கள், ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்பவர் அபூர்வம். ஆசிரியரின் பெயர் கடைசிப் பக்கத்து நன்றியுரையில் வந்தால் பெரிய விஷயம்.

இதையெல்லாம் குறை சொல்லிக்கொண்டே இருந்தோமே, நாமே ஒன்று செய்து பார்ப்போம் என்று போன வருடம் கிளம்பினோம். ஏழாம் வகுப்புக்கு ஒரு வினாத்தாள். திருவள்ளூர் மாவட்டத்தில் சில பள்ளிகள், அதில் ஒன்று பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் இருக்கும் நடுநிலைப் பள்ளி. ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே ஏழாம் வகுப்பில் இருபத்தேழு பிள்ளைகள். வினாத்தாளின் ஒன்பதாவது கேள்வி இது:

"ஓர் ஊரில் ஐந்து படகுகள் உள்ளன. நாளொன்றுக்கு ஒரு படகு வீதம் வரிசைப்படி ஏரிக்குச் செல்கின்றன. திங்கட்கிழமை அன்று முதல் படகு சென்றால், பதினேழாம் நாள் செல்லும் படகு எது?"

பதினேழை ஐந்தால் வகுத்தால் மீதி இரண்டு. விடை, இரண்டாவது படகு. இருபத்தேழு பேரில் ஐந்து பேர் அப்படி எழுதியிருந்தார்கள். மற்ற இருபத்திரண்டு பேரும் "ஐந்தாவது படகு" என்று எழுதியிருந்தார்கள். ஆளுக்கொரு தப்பாக இருந்தால் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டோம். எல்லாரும் ஒரே தப்பு. எங்கள் குழுத் தலைவர் நல்ல மனிதர், ஆனால் நாற்பது வருடமாகத் தேர்வுத்தாள் திருத்தியவர். "ஒண்ணு காப்பி, இல்லேன்னா டீச்சர் சொல்லிக் கொடுத்திருக்காங்க, அதுவும் தப்பா" என்றார். மற்றப் பள்ளிகளில் இப்படி எதுவும் நடக்கவில்லை. அந்த வகுப்பின் தேன்மொழி டீச்சருக்கு, தேர்வு நடந்த சூழலை விளக்கும்படி மரியாதையாக ஒரு கடிதம் போனது. பதில் ஒரே வரியில் வந்தது: "பிள்ளைகளிடம் கேளுங்கள்."

நழுவுகிறார் என்றுதான் நானும் நினைத்தேன். எங்களிடம் பள்ளிவாரியாக ஒரு குறிப்புப் படிவம் உண்டு. அதில் "ஏற்கலாம், சந்தேகத்துக்குரியது, நீக்கலாம்" என்று மூன்று கட்டங்கள். ஏதாவது ஒன்றில் டிக் போட்டால் அது அப்படியே மேலே கல்வி அலுவலகத்துக்கும் போகும். மூன்றாவதில் விழுந்தால் ஒன்பது வருடமாக அங்கே பாடம் நடத்தும் ஒருவருக்கு, பிள்ளைகளுக்கு விடை சொல்லிக் கொடுத்தவர் என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும். திங்கட்கிழமைக்குள் டிக் போட வேண்டியது நான். நேரில் போகாமல் போட எனக்குக் கை வரவில்லை. இன்னொரு காரணமும் இருந்தது. ஒன்பதாவது கேள்வியை எழுதியதே நான்தான். முதலில் அது தண்ணீர் லாரி, ஐந்து தெரு என்று இருந்தது. ஏரிக்கரைப் பள்ளிக்கு உள்ளூர் மணம் வேண்டும் என்று லாரியைப் படகாக்கியது என் திருவிளையாடல்.

தேன்மொழி டீச்சருக்குப் போன் செய்து எப்போது வரலாம் என்று கேட்டேன். "ஞாயித்துக்கெழம வாங்க மேடம், அன்னிக்குத்தான் ஊரே கரையில இருக்கும்" என்றார். சரி, விடுமுறை நாள், பிள்ளைகள் ஓய்வாக இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சென்ட்ரல் புறநகர் நிலையத்தில் காலை 6.50 கும்மிடிப்பூண்டி ரயில். பொன்னேரிக்கு டிக்கெட் பத்து ரூபாய். 7.48க்கு இறங்கினேன். ஸ்டேஷனிலிருந்து பேருந்து நிலையத்துக்கு ஷேர் ஆட்டோ இருபது ரூபாய். 8.15க்குப் பழவேற்காடு பஸ். சாதாரண பஸ் என்பதால் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பதினெட்டு கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். ஜன்னல் சீட் கிடைத்தால் வலது பக்கம் உட்காருங்கள், வெயில் முகத்தில் அடிக்கும், ஆனாலும் உட்காருங்கள். வயல் முடிந்து உப்பு வாடை தொடங்கும் இடம் மூக்குக்கு நன்றாகத் தெரியும்.

பஸ் நின்ற இடத்துக்கு எதிரே ஒரு சின்ன மெஸ்ஸில் நுழைந்து, மீன் குழம்பு இருக்கிறதா என்று கேட்டேன். காலை ஒன்பது மணிக்கு மீன் குழம்பு கேட்பவளை அந்த அம்மா ஏற இறங்கப் பார்த்தார். "நேத்து மீனு கீது, வேணும்னா போடறேன். இன்னிக்கு மீனு இன்னிக்கு வராதுமா, ஞாயித்துக்கெழம." நேற்றைய குழம்புதான் இன்றைக்கு ருசி என்று நான் தத்துவம் பேசி, நாலு இட்லிக்கு ஊற்றிக்கொண்டேன். அறுபது ரூபாய். நாக்கில் இன்னும் இருக்கிறது. பக்கத்து இலையில் இருந்தவர், "நாஷ்டாவுக்கே இந்த வெட்டு வெட்டறீங்களே, மத்தியானம் இன்னா பண்ணுவீங்க?" என்று அக்கறையாக விசாரித்தார்.

அங்கிருந்து குப்பத்துக்கு நாலு கிலோமீட்டர், ஆட்டோ நூற்றிருபது ரூபாய். ஓட்டியவர் பெயர் பாபு. பறவை பார்க்க வந்தீங்களா, கல்லறை பார்க்க வந்தீங்களா என்று கேட்டார். பள்ளிக்கூடம் பார்க்க என்றேன். "ஞாயித்துக்கெழமையிலயா? உஷாரான ஆளு மேடம் நீங்க" என்று சிரித்துவிட்டு, அதற்கப்புறம் என்னிடம் பேசவே இல்லை.

டீச்சர் பதினொன்றுக்கு வரச் சொல்லியிருந்தார். மணி பத்தேகால்தான். கரைக்கு நடந்தேன். முழங்கால் ஆழத்தில் நாலு கொக்கு, அதற்கப்பால் கண்ணுக்கு எட்டுகிறவரை தகடு தகடாகத் தண்ணீர். படகுகள் எல்லாம் கரையில் வரிசையாக நின்றன. ஒரு படகின் விளிம்பில் லுங்கி கட்டிய ஒருவர் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் ஏரியில் ஒரு சுற்று போய்வர முடியுமா என்று கேட்டேன்.

"இன்னிக்கு இன்னாத்துக்குமா படகு? இன்னிக்கு யாருக்கும் பாடு இல்லியே."

எனக்குத் தெரிந்த பாடு என்றால் கஷ்டம். வயிற்றுப்பாடு, பெரும்பாடு, படாத பாடு. ஓர் ஊரில் யாருக்கும் பாடு இல்லை என்றால் வேறென்ன சொல்வது? "ரொம்ப சந்தோஷம்ணே. என்னைக்கும் இப்படியே இருக்கணும்" என்றேன் மனதார.

அவர் கடலை உரிப்பதை நிறுத்தினார். பிறகு பக்கத்துப் படகுக்காரரைப் பார்த்து, "அடேய், என்னிக்குமே நமக்குப் பாடு இருக்கக் கூடாதாம்டா, இவங்க சொல்றாங்க!" என்று கத்தினார். கரை முழுக்கச் சிரிப்பு. நான் என்ன தப்பாகச் சொன்னேன் என்று தெரியாமல் நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு இடத்தைக் காலி செய்தேன். போன், மெஸ், படகு என்று மூன்று தடவை ஒரே விஷயம் காதில் விழுந்தும் மண்டையில் ஏறவில்லை பாருங்கள். மூன்று வருடம் ஆய்வுக் கட்டுரை படித்த மண்டை.

பள்ளிக்கூடம் இரண்டு அறை, ஒரு தாழ்வாரம், ஒரு வேப்பமரம். கோயிலுக்குப் போனவர்களும் சர்ச்சுக்குப் போனவர்களும் திரும்பி, பத்தொன்பது பிள்ளைகள் வந்திருந்தார்கள். தேன்மொழி டீச்சருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பொன்னேரியிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வந்துபோகிறவர், கணக்கு, அறிவியல் இரண்டும் அவர்தான். "தண்ணி குடிங்க மேடம்" என்று ஒரு சொம்பை நீட்டினார். முகத்தில் சிரிப்பு இல்லை. நியாயம்தான். வீட்டுக்கு வந்த போலீஸுக்கும் தண்ணீர் கொடுப்போம் இல்லையா, அந்த மாதிரி.

பிள்ளைகளிடம் விடைத்தாள்களைக் காட்டி, ஐந்தாவது படகு எப்படி வந்தது என்று கேட்டேன். எல்லாரும் திரும்பி டீச்சரைப் பார்த்தார்கள். டீச்சர் ஜன்னலைப் பார்த்தார். தலைவர் சொன்னது சரியாகிவிடுமோ என்று நினைத்தேன். பயப்படாதீர்கள், எல்லாரும் சேர்ந்தே போடுவோம் என்று சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் எழுத ஆரம்பித்தேன். திங்கள், முதல் படகு. செவ்வாய், இரண்டு. புதன், மூன்று. வியாழன், நான்கு. வெள்ளி, ஐந்து. சனி, மறுபடி முதல் படகு. ஞாயிறு, இரண்டாவது...

வகுப்பு வெடித்துச் சிரித்தது. சிரிப்பு என்றால் சும்மா இல்லை, ஒரு பையன் பெஞ்சிலிருந்தே விழுந்தான்.

"இன்னா மிஸ் நீங்கோ!" முதல் பெஞ்சில் இரட்டைச் சடை போட்ட பெண் எழுந்துவிட்டாள். பெயர் ஷர்மிளா என்று பிறகு தெரிந்துகொண்டேன். "ஞாயித்துக்கெழம ஏரில வல போட்டா ஊர்ல தெண்டம் போடுவாங்க மிஸ்! எங்க அப்பாவுக்கே போட்டிருக்காங்கோ!"

சாக்பீஸை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். ஞாயிற்றுக்கு நேரே ஒரு பெருக்கல் குறி. அடுத்த திங்கள் எட்டாம் நாள், இரண்டாவது படகு. செவ்வாய் மூன்று, புதன் நான்கு, வியாழன் ஐந்து, வெள்ளி ஒன்று, சனி இரண்டு. பதினான்காம் நாள் ஞாயிறு, அதற்கும் ஒரு பெருக்கல் குறி. திங்கள் மூன்று, செவ்வாய் நான்கு. பதினேழாம் நாள், புதன். கரும்பலகையில் அழுத்தமாக 5 என்று போட்டு, அதைச் சுற்றி வட்டமும் போட்டாள்.

பாடு என்றால் அங்கே முறை. ஏரியில் இன்ன இடத்தில் இன்றைக்கு யார் வலை போடலாம் என்று சீட்டுக் குலுக்கி வரிசை வைத்துக்கொள்வார்கள், அந்த முறைதான் பாடு. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு, நம் வீட்டுக்கு அடுத்த பாடு என்றைக்கு என்பதுதான் பிறந்ததிலிருந்து கேட்கும் கணக்கு. நான் கேட்டது அவர்களுக்குக் கேள்வியே இல்லை, வீட்டுப் பேச்சு. ஏழாம் வகுப்புக்கு நான் வைத்தது ஒரு வகுத்தல். அவர்கள் போட்டது அதைவிடக் கஷ்டமான கணக்கு, அதுவும் சரியாக. நாங்கள்தான் சைபர் போட்டோம். இதில் வேடிக்கை, "திங்கட்கிழமை" என்ற சொல் என் கணக்குக்குத் தேவையே இல்லை. படிக்க அழகாக இருக்கட்டும் என்று சேர்த்தது. அது இல்லாவிட்டால் ஞாயிறு எந்த நாளில் விழும் என்று தெரியாமல் பிள்ளைகள் ஆளுக்கொரு விடை எழுதியிருப்பார்கள், யாருக்கும் சந்தேகமே வந்திருக்காது.

இருந்தாலும் விடுவேனா? "கேள்வியில ஞாயிற்றுக்கிழமை லீவுன்னு போடலையேம்மா" என்றேன்.

"லீவு இல்லன்னும் போடலையே மிஸ்" என்றாள் ஷர்மிளா.

மூன்று மாதம் ஏழு பேர் உட்கார்ந்து சரிபார்த்த வினாத்தாள் அது.

அப்போது பின் பெஞ்சிலிருந்து ஒரு கை தயங்கித் தயங்கி எழுந்தது. கீர்த்தி. அவள் "இரண்டாவது படகு" என்று எழுதிய ஐந்து பேரில் ஒருத்தி. "எனக்கு மட்டும் ரைட்டு போட்டீங்களே மிஸ், அது தப்பா?" என்று கேட்டாள். ஏன் அப்படி எழுதினாய் என்றேன். "எங்க நைனாவுக்குச் சொந்த ஊரு காட்டூரு. எங்களுக்கு ஏரில பாடு இல்ல. நைனா கம்பெனிக்குப் போவுது, ஞாயித்துக்கெழமையும் டூட்டி கீது. அதான் நான் ஞாயித்துக்கெழமையும் எண்ணினேன்." மற்ற நாலு பேரும் யார் யார் என்று பார்த்தோம். ஒருவர் வீட்டில் கட்டட வேலை, ஒருவர் வீட்டில் டீக்கடை, இரண்டு வீட்டில் லாரி. எங்களிடம் மதிப்பெண் வாங்கிய ஐந்து வீட்டுக்கும் ஏரியில் பாடு இல்லை. "உன் விடையும் சரி, அவங்க விடையும் சரி, என் கேள்விதான் தப்பு" என்றேன். கீர்த்தி அதை டீச்சரிடம் ஒருமுறை கண்ணால் உறுதி செய்துகொண்டு உட்கார்ந்தாள்.

தேன்மொழி டீச்சர் என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார். "உங்க லெட்டர் வந்த அன்னிக்கே பசங்ககிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன் மேடம். நான் வெளியூர்க்காரி, எனக்கும் அன்னிக்குத்தான் உறைச்சுது. போன்லயே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா? டீச்சர் சமாளிக்கறாங்கன்னுதானே எழுதியிருப்பீங்க?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "ஆமாம்" என்றேன். "நான் டிக் போட்டிருப்பேன் டீச்சர். மன்னிச்சுக்குங்க."

அவர் "ரெண்டு வாரமா சரியா தூங்கல மேடம்" என்றார். அப்புறம் சிரித்தார். "ஒண்ணு கேக்கட்டுமா? எங்களைப் பத்தி நீங்கள்லாம் எழுதறீங்களே, அதை நாங்க எங்க போய்ப் படிக்கறது?" நாங்கள் தொகுத்தது இங்கிலீஷில், கட்டணம் கட்டித் திறக்கும் பக்கங்களில் இருக்கிறது. இந்தப் பதிவைத் தமிழில் எழுதுவதற்கு அந்தக் கேள்விதான் காரணம்.

உள்ளே வந்தால் பிள்ளைகள் கூடிக் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இப்போது நாங்கள் கேள்வி கேட்போம், நீங்கள் பதில் சொல்லுங்கள் என்றார்கள். ஷர்மிளா கரும்பலகையைத் துடைத்து எழுதினாள். "ஐந்து படகு. திங்கட்கிழமை முதல் படகுக்குப் பாடு. வியாழக்கிழமை வாடைக் காத்து, யாரும் போகவில்லை. ஞாயிறு லீவு. அடுத்த திங்கட்கிழமை யாருக்குப் பாடு?"

இப்போது நான் உஷார். வியாழனும் போச்சு, ஞாயிறும் போச்சு. திங்கள் ஒன்று, செவ்வாய் இரண்டு, புதன் மூன்று, வெள்ளி நான்கு, சனி ஐந்து, அடுத்த திங்கள் மறுபடி முதல் படகு. "முதல் படகு!" என்றேன் பெருமையாக.

"தப்பூ!" என்று பத்தொன்பது தொண்டையும் ஒன்றாகக் கத்தியது. வேப்பமரத்துக் காக்கை பறந்துவிட்டது.

விளக்கியது கீர்த்தி. ஞாயிறு ஊர் வைத்த லீவு, அதனால் அன்றைக்கு யாருடைய பாடும் போகாது, அப்படியே தள்ளிப் போகும். காத்து ஊர் வைத்தது இல்லை. வியாழக்கிழமை நாலாவது படகின் பாடு, காத்து அடித்தால் அவர்களுக்குப் போச்சு. "பேஜாருதான், இன்னா பண்றது? அடுத்த சுத்து வரைக்கும் ஒக்காந்துகினு இருக்கணும்." ஆகவே வெள்ளி ஐந்தாவது படகு, சனி முதல் படகு, அடுத்த திங்கள் இரண்டாவது படகு. ஏரியில் பாடே இல்லாத வீட்டுப் பெண் இவ்வளவு துல்லியமாகச் சொன்னதில் எனக்குத்தான் ஆச்சரியம், அவர்களுக்கு இல்லை.

அந்தக் கேள்வியை ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். "உங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் குடுங்க மிஸ், பாத்து எழுதக் கூடாது" என்று ஷர்மிளா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினாள்.

மத்தியானம் ஷர்மிளாவின் அம்மா, சனிக்கிழமை கையால் தடவிப் பிடித்த இறாலைத் தொக்கு செய்து பள்ளிக்கூடத்துக்கே கொண்டுவந்துவிட்டார். ஏரித் தண்ணீரில் இடுப்பளவு நின்று, சேற்றில் கை விட்டு, விரலில் இறால் படுவதைத் தெரிந்து பிடிப்பார்களாம். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "பைக்குள்ள கை விட்டா வெண்டக்கா எதுன்னு பாக்காமலே தெரியுதில்ல, அந்த மாதிரிதான்" என்றார். தாழ்வாரத்தில் டீச்சரும் நானும் அவருமாகச் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்ததும் ஒரு பட்டாளம் என்னை ஏரிக்கு இழுத்துக்கொண்டு போனது. முழங்கால் வரை இறங்கினேன். பிப்ரவரி வெயில் முதுகில், இளஞ்சூட்டுத் தண்ணீர் காலில், சுற்றிலும் பிள்ளைகளின் கூச்சல். காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டு நின்றேன். அப்படி நின்று எத்தனையோ நாளாயிற்று.

கரையில் காலையில் பார்த்த கடலைக்காரர் இன்னும் இருந்தார். "இன்னாமா, பாடு இன்னான்னு தெரிஞ்சுதா?" என்றார். "தெரிஞ்சுதுண்ணே. எல்லாருக்கும் நிறைய பாடு வரட்டும்" என்றேன். "அது பேச்சு!" என்று ஒரு கை வேர்க்கடலையை என் முந்தானையில் கொட்டினார்.

4.30 பஸ், பொன்னேரியில் 5.40 ரயில். ரயிலில் உட்கார்ந்து படிவத்தை எடுத்தேன். மூன்று கட்டத்தில் முதல் கட்டத்தில் டிக் போட்டேன். கீழே குறிப்புக்கு விட்ட இடத்தில், "இந்த வகுப்பின் விடைகள் முழுக்க நம்பத்தக்கவை. ஒன்பதாவது கேள்விதான் நம்பத்தக்கதல்ல. அதை எழுதியது நான்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஆய்வு உலகத்தில் எனக்கு எவ்வளவு பெயர் கிடைக்கும் என்று தெரியாது. வேர்க்கடலை நன்றாக இருந்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம், பறவை அப்போதுதான் இருக்கும். படகில் சுற்ற அவ்வப்போது தடை போடுவார்கள், போவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள், உயிர்காப்புச் சட்டை இல்லாத படகில் ஏறாதீர்கள். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம், கரையில் நிழல் குறைவு. திரும்புகிற கடைசி பஸ் எப்போது என்று இறங்கியதுமே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். புது மீன் சாப்பிட வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். மனிதர்களைப் பார்க்க வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போங்கள். ஆய்வுக்காகப் போகிறவர்கள் வினாத்தாளை அச்சடிப்பதற்கு முன்னால் ஒருமுறை போய்வந்துவிடுங்கள். நானூறு ரூபாய்க்குள், ஒரு பகல், அவ்வளவுதான் செலவு.

திங்கட்கிழமை காலை ஆபீஸில் படிவத்தைத் தலைவரிடம் கொடுப்பதற்கு முன், பிள்ளைகளின் தாளை ஆறு பிரதி எடுத்து ஆளுக்கொன்று வைத்தேன். தலைவர் உட்பட ஆறு பேர், தனித்தனி மேஜை, பத்து நிமிடம், பார்த்து எழுதக் கூடாது. வாங்கிப் பார்த்தேன். வாசலுக்கு ஓடிப்போய்த் தேன்மொழி டீச்சருக்குப் போன் போட்டேன். இடைவேளை நேரம், பின்னால் பிள்ளைகளின் சத்தம் கேட்டது.

"டீச்சர், ஆறு பேரும் முதல் படகுன்னு எழுதியிருக்காங்க. எல்லாரும் ஒரே தப்பு."

அந்தப் பக்கம் போனைப் பிள்ளைகளுக்கும் கேட்கும்படி வைத்திருப்பார் போல. ஆரவாரம் அடங்கவே கொஞ்ச நேரம் ஆனது. அதற்கு நடுவில் ஷர்மிளாவின் குரல் மட்டும் தனியாக, ரொம்பக் கவலையாகக் கேட்டது.

"மிஸ், காப்பி அடிச்சாங்களா?"

"சேச்சே" என்றார் டீச்சர் அவளிடம். "வீட்ல யாருக்கும் பாடு இருக்காது, பாவம்."